பென் டிரைவ் லினக்ஸில் திறக்கவில்லையா? ‘ஃபார்மெட்’ கொடுக்கும் முன் இந்த 5 கேள்விகள்!

ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, கையெழுத்து ஸ்கேன் எல்லாம் ஒரே பென் டிரைவில் இருக்கின்றன. லேப்டாப்பில் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. அல்லது, ‘மவுண்ட் செய்ய இயலவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: “ஃபார்மெட் போட்டா சரியாயிரும் தம்பி.”

சரியாகும்தான். பென் டிரைவ் சரியாகிவிடும். உள்ளே இருந்தவைதான் போய்விடும்!

‘பென் டிரைவ் திறக்கலை’ என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி, அது ஓர் அறிகுறி மட்டுமே. செருகுவதற்கும் ஃபைல் கண்ணில் படுவதற்கும் இடையில் சில படிகள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் தடை விழுந்திருக்கிறது. பெரும்பாலான தடைகளில் உங்கள் ஃபைல்கள் உள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. எந்தப் படியில் தடை என்று கண்டுபிடிக்கும் வரை பென் டிரைவில் எதையும் எழுதாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்படியாகப் பார்க்கலாம்.

அருப்புக்கோட்டையில் எதற்கு லினக்ஸ்?

லினக்ஸ் என்றாலே பெங்களூரு ஐடி பார்க் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், மாநிலம் முழுக்க அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களின் வீட்டுக்குள் கணினியைக் கொண்டுவந்தது. அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதற்கும் முன்பே, 2006-07 காலகட்டத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தது.

இப்போது இரண்டாவது அலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால், வீட்டில் லினக்ஸுக்கு மாறினாலும் வெளியில் எங்கும் விண்டோஸ்தான். திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் வீட்டு லேப்டாப்பில் ஏற்றிய பென் டிரைவ், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அங்கிருந்து இ-சேவை மையம், கல்லூரி லேப், ஸ்டூடியோ என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வீடு திரும்பும். இரண்டு உலகங்களுக்கும் இடையே ஓயாமல் போய்வரும் இந்தப் பயணத்தில்தான் பாதிச் சிக்கல்கள் பிறக்கின்றன.

முதலில், ‘மவுண்ட்’ என்றால் என்ன?

விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் ‘ஈ’ டிரைவ், ‘எஃப்’ டிரைவ் என்று தனி எழுத்து கிடைக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. அங்கே எல்லாமே ஒரே மரம், ஃபோல்டர்கள்தான் கிளைகள். புதிதாக வரும் பென் டிரைவை அந்த மரத்தில் ஒரு கிளையாக இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர்தான் மவுண்ட்.

அருப்புக்கோட்டை நெசவு ஊர் என்பதால், தறியை வைத்தே சொல்லிவிடலாம். புதுப் பாவு வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காக உடனே நெய்ய முடியாது. தறியில் ஏற்றி, இழைக்கு இழை பிணைத்த பிறகுதான் ஓட்ட முடியும். பிணைப்பில் சிக்கல் என்றால், பாவு வீணாகிவிட்டது என்று யாரும் அதைத் தூக்கி எறிவதில்லையே? அதேபோல, மவுண்ட் ஆகவில்லை என்றால் இணைப்பு நடக்கவில்லை என்றுதான் பொருள். சரக்கு போய்விட்டது என்று பொருள் இல்லை.

உபுண்டு, மின்ட் போன்றவற்றில் இந்த இணைப்பு தானாகவே நடக்கும். நடக்காதபோதுதான் நாம் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலி. உபுண்டு, மின்ட் இரண்டிலும் மெனுவில் தேடினாலே கிடைக்கும். மற்றொன்று, ‘டெர்மினல்’ என்ற கறுப்புத் திரை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே சொல்லப்போகும் மூன்று கட்டளைகளும் பார்த்துச் சொல்பவை மட்டுமே. எதையும் மாற்றாது, அழிக்காது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.

கேள்வி 1: பென் டிரைவ் வந்திருப்பதே கணினிக்குத் தெரிகிறதா?

டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் எல்லாவற்றின் பட்டியலும் வரும். பென் டிரைவை எடுத்துவிட்டு ஒருமுறை, செருகி ஒருமுறை பாருங்கள். செருகும்போது ஒரு வரி கூடினால், கணினி அதைப் பார்த்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் போகலாம்.

வரி கூடவில்லையா? அப்படியானால் தடை மின்சாரத்திலோ தொடர்பிலோ இருக்கிறது. லினக்ஸ் மேல் பழி போட வேண்டாம்! வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி ஹப், நீட்டிப்பு கேபிள் இருந்தால் அவற்றை விலக்கிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் தருவது 900 மில்லி ஆம்பியர். மலிவான ஹப்பில் கீபோர்டு, மவுஸ், போன் சார்ஜர் என்று எல்லாம் தொங்கினால் பென் டிரைவுக்குப் பங்கு குறைந்துவிடும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட, மதர்போர்டிலேயே நேராக இருக்கும் பின்பக்க போர்ட் நம்பகமானது.

இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு காரணமும் உண்டு. புழுதி! கரிசல் காட்டில் கோடைக்காற்று அடித்தால் வீட்டில் எது மீதும் ஒரு படலம் படியும். மூடி தொலைந்துபோன பென் டிரைவும் சட்டைப் பையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் போர்ட்டையும் பென் டிரைவின் முனையையும் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம்.

கணினி என்ன நினைக்கிறது என்று அதன் வாயாலேயே கேட்கவும் வழி இருக்கிறது. எஸ், யு, டி, ஓ என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்று டைப் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். வரும் நீண்ட பட்டியலின் கடைசிப் பத்திருபது வரிகள் போதும். அதில் ‘எரர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் -71 அல்லது -110 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், பேச்சு பாதியில் அறுகிறது என்று பொருள். கேபிள், போர்ட், மின்சாரம், அல்லது பென் டிரைவின் உள் இணைப்பு என்று இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மூன்று வேறு கணினிகளில் செருகியும் இதே கதை என்றால், குறை பென் டிரைவில்தான்.

கேள்வி 2: சேமிப்பகமாகத் தெரிகிறதா? அளவு சரியா?

இப்போது எல், எஸ், பி, எல், கே. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் எல்லாம் அளவோடு வரிசையாக வரும். உங்கள் 32 ஜிபி பென் டிரைவ் ஏறத்தாழ 29 ஜிபி என்று தெரிந்தால் கவலை இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024-ஆல் வகுக்கிறது. அந்த வித்தியாசம்தான்.

இங்கே மூன்று விதமான தடைகள் தெரியவரும்.

முதல் கட்டளையில் தெரிந்தது, இதில் தெரியவில்லை: அலுவலக லேப்டாப்பாக இருந்தால், நிறுவனமே யுஎஸ்பி சேமிப்பகத்தைத் தடுத்து வைத்திருக்கலாம். கீபோர்டு வேலை செய்யும், பென் டிரைவ் மட்டும் செய்யாது. இது பாதுகாப்பு விதி, கோளாறு அல்ல. குறுக்கு வழி தேடினால் வேலைக்கே வம்பு. ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள். சொந்த லேப்டாப் என்றால், அண்மையில் அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். சில லினக்ஸ் வகைகளில், கெர்னல் புதிதாக மாறியும் கணினி பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது யுஎஸ்பி சேமிப்பகத்துக்கான டிரைவர் அதற்குக் கிடைக்காமல் போகலாம். ஒரு ரீஸ்டார்ட் போதும்.

அளவு பூஜ்யம் என்று காட்டுகிறது: பென் டிரைவுக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப் ஒன்று. கணினியோடு பேசும் கன்ட்ரோலர் மற்றொன்று. கன்ட்ரோலர் மட்டும் பேசுகிறது, சேமிப்புப் பகுதியை அதனால் எட்ட முடியவில்லை என்பதுதான் பூஜ்யத்தின் பொருள். மென்பொருளால் இதைச் சரிசெய்வது அரிது. உள்ளே இருப்பது முக்கியம் என்றால், தகவல் மீட்புக்கென்றே இருக்கும் வல்லுநரிடம் போவதுதான் வழி.

அளவு நம்ப முடியாத அளவுக்குப் பெரிது: சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி’ பென் டிரைவ் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது சில ஜிபி சிப். பொய்யான அளவைச் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவு வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதைத் தாண்டி எழுதுவது எல்லாம் காற்றில் எழுதியது மாதிரி. ‘எஃப்3’ என்ற இலவச லினக்ஸ் கருவி டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். ஆனால், பென் டிரைவ் வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே சோதியுங்கள். ஃபைல்களை வைத்துக்கொண்டு சோதித்தால் அவற்றின் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி 3: உள்ளே இருக்கும் மொழி லினக்ஸுக்குப் புரிகிறதா?

அளவு சரி, ஆனாலும் திறக்கவில்லை. இப்போது பார்க்க வேண்டியது ஃபைல் சிஸ்டம். ஃபைல்களை எந்த முறையில் அடுக்கி வைப்பது என்பதற்கான விதிமுறை அது. இரண்டாவது கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறி போட்டு, எஃப் என்று சேர்த்தால் ஒவ்வொரு டிரைவின் ஃபைல் சிஸ்டமும் தெரியும். டிஸ்க்ஸ் செயலியில் பென் டிரைவின் பெயரைத் தொட்டாலும் இதே தகவல் கிடைக்கும்.

பழைய பென் டிரைவ்களில் ஃபேட்32 இருக்கும். எல்லாக் கணினிக்கும் புரியும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோவை ஸ்டூடியோவில் ஏற்றும்போது ‘இடம் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது’ என்பார்களே, காரணம் இதுதான். அதனால் பெரிய பென் டிரைவ்களும் கேமரா கார்டுகளும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாறின.

இந்த எக்ஸ்ஃபேட்டில்தான் பழைய லினக்ஸ் லேப்டாப்கள் தடுமாறும். மைக்ரோசாஃப்ட் இதை 2006-ல் கொண்டுவந்தது. காப்புரிமைக்குள் இருந்ததால் லினக்ஸ் கெர்னலில் நேரடியாகச் சேர்க்கப்படவில்லை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகுதான் வழி திறந்தது. 2020 மே இறுதியில் வெளியான 5.7 கெர்னலில், சாம்சங் எழுதிக்கொடுத்த முழுமையான எக்ஸ்ஃபேட் டிரைவர் சேர்ந்தது. ஆகவே, பல வருடங்களாக அப்டேட் பார்க்காத பள்ளிக்கால லேப்டாப், ஸ்டூடியோவில் நேற்று தந்த 64 ஜிபி பென் டிரைவைப் பார்த்து முழிப்பதில் ஆச்சரியம் இல்லை. பென் டிரைவில் எந்தக் குறையும் இல்லை. லினக்ஸின் சாஃப்ட்வேர் பட்டியலில் ‘எக்ஸ்ஃபேட்’ என்று தேடி, அதற்கான தொகுப்பை நிறுவினால் திறந்துவிடும். முடிந்தால் புதிய லினக்ஸ் பதிப்புக்கே மாறிவிடுவது நல்லது.

ஃபைல் சிஸ்டம் இடத்தில் ‘பிட்லாக்கர்’ அல்லது ‘லக்ஸ்’ என்று வந்தால், யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நிறுவனங்கள் தரும் பென் டிரைவில் இது சகஜம். பாஸ்வேர்டு தெரிந்தால், இரண்டையுமே புதிய லினக்ஸ் பதிப்புகளில் திறக்கலாம். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் எந்தக் கருவியாலும் பயன் இல்லை.

‘ஐஎஸ்ஓ 9660’ என்று வந்தால், அந்த பென் டிரைவில் யாரோ லினக்ஸ் இன்ஸ்டாலர் ஏற்றியிருக்கிறார்கள். அண்ணன் தன் லேப்டாப்பில் மின்ட் போட, தம்பியின் பென் டிரைவை இரவல் வாங்கியிருப்பார்! முன்பு இருந்த ஃபைல்களின் ஒரு பகுதி மேல் இன்ஸ்டாலர் எழுதப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பதை மீட்கலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அந்த இடம் வெறுமையாக இருந்தால்? ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பகுதியோ, டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் அட்டவணையோ சிதைந்திருக்கலாம். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்தது போல. பக்கங்கள் உள்ளேதான் இருக்கின்றன. நேராக ஐந்தாவது கேள்விக்குப் போங்கள்.

கேள்வி 4: கடைசியாக எப்படிக் கழற்றினீர்கள்?

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவ்களில் அடிக்கடி நேர்வது இது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால், அல்லது யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் காப்பி ஓடும்போது கரண்ட் போனால், கணக்கு பாதியில் நின்றுவிடும். ‘இங்கே வேலை முடியவில்லை’ என்று ஃபைல் சிஸ்டம் ஒரு குறி வைத்துக்கொள்ளும். இதற்கு ‘டர்ட்டி’ குறி என்று பெயர்.

விண்டோஸ் பல நேரம் இதைக் கண்டும் காணாமல் திறந்துவிடும். லினக்ஸ் அவ்வளவு தாராளம் காட்டாது. குறிப்பாக என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் டிரைவ்கள்! 2021 அக்டோபரில் வந்த 5.15 கெர்னலில் என்டிஎஃப்எஸ்-க்கான புதிய டிரைவர் சேர்ந்தது. டர்ட்டி குறி இருந்தால் அது மவுண்ட் செய்யவே மறுக்கும். கடையில் திறந்த பென் டிரைவ் வீட்டில் திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘தவறான ஃபைல் சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன், மோசமான சூப்பர்பிளாக்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டலான செய்தி வரும். காரணங்களை மொத்தமாக அடுக்கும் பொதுச் செய்திதான் அது. உண்மைக் காரணம் முதல் கேள்வியில் பார்த்த டி-எம்-இ-எஸ்-ஜி பட்டியலின் கடைசியில் இருக்கும்.

என்ன செய்யலாம்? முதல் தேர்வு, விண்டோஸ் கணினி ஒன்றில் செருகுவது. திறந்தால் உடனே ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு, டிரைவ் மீது ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். சரிசெய்து முடித்ததும் முறையாக எஜெக்ட் கொடுங்கள். விண்டோஸ் கிடைக்காவிட்டால், டிஸ்க்ஸ் செயலியில் டிரைவைத் தேர்ந்தெடுத்து, சிறிய பல்சக்கர அடையாளத்துக்குள் இருக்கும் ‘ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்’ உதவும். ஆனால் ரிப்பேர் என்பது டிரைவில் எழுதும் வேலை. உள்ளே இருப்பது ஒரே பிரதி என்றால், அடுத்த கேள்வியில் சொல்லும் முழு நகலை எடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸுக்கு வந்தால் டிரைவ்கள் திறக்காமலோ, படிக்க மட்டும் அனுமதித்தோ அடம்பிடிக்கும். விண்டோஸில் ‘ஷட்டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து லினக்ஸுக்குள் வாருங்கள். ரீஸ்டார்ட்டில் முழுதாக அணையும்.

திறந்தது, ஆனால் ஃபைல்களைக் காணோமா?

வெளியே பல கணினிகளில் செருகிய பென் டிரைவில், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விண்டோஸ் வைரஸின் வேலை. உண்மையான ஃபோல்டர்களை ‘மறை’ என்று குறித்துவிட்டு, அதே பெயரில் பொறி வைக்கும். இதில் லினக்ஸ்தான் உங்கள் நண்பன். விண்டோஸின் அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. அசல் ஃபோல்டர்கள் பளிச்சென்று தெரியும். தெரியாவிட்டால் கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தேவையான படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டு, பிறகு டிரைவைச் சுத்தம் செய்யலாம்.

கேள்வி 5: சிப் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறதா?

ஃபிளாஷ் சிப் தகவலை மின்னேற்றமாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் செல்கள் கொஞ்சம் தேய்கின்றன. எழுதாமல் சும்மா வைத்திருந்தாலும் மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடக்கும் பென் டிரைவையும், பீரோவில் பத்து வருடம் தூங்கும் கல்யாண வீடியோ பென் டிரைவையும் நினைத்துப் பாருங்கள்.

அறிகுறிகள் இவை: டி-எம்-இ-எஸ்-ஜி பட்டியலில் ‘ஐ/ஓ எரர்’ வரிசையாக வருவது, ஒரு ஃபைலைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆவது, திடீரென்று ‘படிக்க மட்டும்’ நிலைக்குப் போய்விடுவது. கடைசியாகச் சொன்னதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சில கன்ட்ரோலர்கள், சிப் தேய்ந்ததும் எழுதுவதை நிறுத்திக்கொண்டு படிக்க மட்டும் அனுமதிக்கும். அதாவது, ‘இருப்பதை எடுத்துக்கொள்’ என்று அவகாசம் தருகின்றன. அந்த நேரத்தில் ஃபார்மெட்டோடு மல்லுக்கட்டாமல் காப்பி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

முறை இதுதான். முதலில் பென் டிரைவின் முழு நகலை ஒரே ஃபைலாக எடுங்கள். டிஸ்க்ஸ் செயலியில் ‘கிரியேட் டிஸ்க் இமேஜ்’ இருக்கிறது. பழுது அதிகம் என்றால் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி சிறந்தது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். நகலைச் சேமிக்க லேப்டாப்பிலோ வேறு டிரைவிலோ போதிய இடம் வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் அதே பென் டிரைவில் சேமிக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் டிரைவ்களின் பெயர்களில் கவனம் தேவை. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர் கணினிக்குக் கணினி மாறும். ஒரு லேப்டாப்பில் எஸ்டிஏ என்பது பென் டிரைவ். இன்னொன்றில் அதுவே உங்கள் மொத்த ஹார்டு டிஸ்க். யூடியூப் வீடியோவில் சொன்ன பெயரை அப்படியே டைப் செய்யாதீர்கள். அளவைப் பார்த்து, இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

நகல் கையில் வந்த பிறகு, மீட்பு வேலை எல்லாம் அந்த நகலின் மீதுதான். தொலைந்த பார்ட்டிஷனைத் தேட ‘டெஸ்ட்டிஸ்க்’, படங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க ‘ஃபோட்டோரெக்’. இரண்டும் இலவசம்; ஒரே தொகுப்பாக வரும். ஃபோட்டோரெக் மீட்கும் ஃபைல்களுக்குப் பழைய பெயர்கள் இருக்காது. ஆயிரம் படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். ஆனால், படம் இருக்கும். முன்னே சொன்ன ‘இன்ஸ்டாலர் ஏற்றப்பட்ட’ பென் டிரைவுக்கும் இதே வழிதான். மேலே எழுதப்படாத பகுதியில் இருப்பவை கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஏற்கெனவே ஃபார்மெட் போட்டுவிட்டேனே!

பதறாதீங்க. ‘குவிக் ஃபார்மெட்’ என்றால் பொதுவாகப் பொருளடக்கம் மட்டுமே புதிதாக எழுதப்பட்டிருக்கும். உள்ளடக்கம் பெருமளவு அப்படியே இருக்கும். பென் டிரைவில் வேறு எதையும் ஏற்றாமல் நகல் எடுத்து ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். ஆனால், விண்டோஸ் விஸ்டா முதல் ‘குவிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மெட், டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதன் பிறகு மீட்பு என்ற பேச்சே இல்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. டெலீட் செய்த ஆதார் நகல், வங்கிப் புத்தக ஸ்கேன் எல்லாம் இப்படித் தோண்டி எடுக்கக்கூடியவையே. அவை இருந்த பென் டிரைவை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் முழு ஃபார்மெட் செய்வது நல்லது.

எஜெக்ட் செய்யாமல் எடுத்தால் என்ன?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், யுஎஸ்பி டிரைவ்களுக்கு ‘விரைவு நீக்கம்’ என்பதே இயல்பு நிலை. எழுதுவதைத் தள்ளிப்போடாமல் எழுதிவிடும். அதனால் காப்பி முடிந்ததும் சட்டென்று பிடுங்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

லினக்ஸ் வேறு மாதிரி. வேகத்துக்காக, எழுத வேண்டியதை முதலில் ரேமில் வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகப் பென் டிரைவுக்கு அனுப்பும். திரையில் 100 சதவீதம் என்று காட்டும்போது, ஒரு பெரிய வீடியோவின் கணிசமான பகுதி இன்னும் ரேமிலேயே இருக்கலாம். அந்த நொடியில் பிடுங்கினால் வீடியோ பாதி, டர்ட்டி குறி மீதி! எனவே எஜெக்ட் கொடுங்கள். ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டாம்’ என்று செய்தி வந்தால் கொஞ்சம் பொறுங்க. ‘இப்போது எடுக்கலாம்’ என்று வந்த பிறகு எடுங்கள். பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் மிச்சம் பிடிக்கும் ஒரு நிமிடம், பிறகு ஒரு நாளைத் தின்றுவிடும்.

சுருக்கமாக...

பென் டிரைவே தெரியவில்லை என்றால், போர்ட்டையும் புழுதியையும் மின்சாரத்தையும் பாருங்கள். தெரிகிறது, அளவு தப்பு என்றால், கன்ட்ரோலர் பழுது அல்லது போலி டிரைவ். அளவு சரி, திறக்கவில்லை என்றால், எக்ஸ்ஃபேட்டா, பூட்டு போட்டதா, டர்ட்டி குறியா என்று பாருங்கள். ஐ/ஓ எரர் என்றால், முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். எல்லாவற்றிலும் ஃபார்மெட் என்பது, ஃபைல்கள் பத்திரமாக வெளியே வந்த பிறகு செய்யும் கடைசி வேலை. அப்போது செய்யும்போது எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு லினக்ஸிலும் கடை விண்டோஸிலும் ஒருசேரத் திறக்கும். 4 ஜிபி தடையும் இருக்காது.

பென் டிரைவ் என்பது கொண்டுபோகும் பை, பூட்டி வைக்கும் பெட்டி அல்ல. சான்றிதழ் ஸ்கேன்களை டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, பென் டிரைவில் மூன்றாவது பிரதியை எடுத்துச் செல்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் அது திறக்காமல் போனாலும், புதுப் பென் டிரைவ் வாங்கும் செலவோடு முடிந்துவிடும்.